சுண்டலுக்கு ஒரு வரி: கோத்தகிரியில் நூலக மேசையில் உருவான நிதி விண்ணப்பம்

கோத்தகிரி வட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு சிறிய மகளிர் சங்கம், நிதி கேட்டு நான்கு முறை விண்ணப்பித்தது. நான்கும் வீணாயின. ஐந்தாவது விண்ணப்பத்துக்கு ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியிலிருந்து ரூ.2,33,000 கிடைத்தது. முதல் மூன்றையும் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து அனுப்பினார்கள், நான்காவதை வெளியாள் ஒருவர் எழுதித் தந்தார். ஐந்தாவதை அரசுக் கிளை நூலகத்தின் நீள மேசையில், ஓராண்டுக்கு மேல் வந்து போய் உட்கார்ந்து எழுதினார்கள். அந்த ஓராண்டில் என்னென்ன மாறியது என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

நான் அந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். கூட்டுறவு வங்கியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கம், நூலகர், பணம் தந்த நிறுவனம் எதன் பெயரையும் எழுதவில்லை. அவர்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். மலையில் இதே நிலையில் இன்னும் பல சங்கங்கள் இருப்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பதால் எண்களை மறைக்காமல் தருகிறேன்.

சங்கமும் அதன் தேவையும்

சங்கத்தில் பன்னிரண்டு பெண்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் 2019-ல் பதிவு செய்தார்கள். அந்தச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். பெரும்பாலானவர்கள் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பேத்திகள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கு வேலை தர அரசு 1968-ல் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டான்டீ என்ற அரசு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அந்தத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் பிறந்து, பச்சைத் தேயிலை பறித்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து வந்தவர்கள் இவர்கள். அவர்களில் இரண்டு பேர், பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தர அரசு 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகையில் தன்னார்வலர்களாக இருந்தவர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

படிப்பு மையம் ஒரு லைன் வீட்டு வராந்தாவில் நடந்தது. பக்கத்து லைனிலும் அதற்குக் கீழே இருக்கும் இருளர் குடியிருப்பிலும் உள்ள பிள்ளைகளால் அங்கே வர முடியாது. தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஐந்தரை மணிக்கு மேல் தேயிலைக்குள் காட்டெருமை இறங்கிவிடும், இருட்டினால் கரடி. எந்த அம்மா அந்த நேரத்தில் ஏழு வயதுப் பிள்ளையை ஒற்றையடிப் பாதையில் அனுப்புவாள்? ஆக, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு மையம் போக வேண்டும். இன்னும் இரண்டு மையங்கள் வேண்டும். தேவை இவ்வளவுதான். நான்கு விண்ணப்பங்களிலும் இந்த ஒரு பத்தி மட்டும் இல்லை.

நான்கு விண்ணப்பங்கள்

நான்கின் நகல்களையும் சங்கத்தின் செயலாளர் ஒரு மஞ்சள் பையில் போட்டு நூலகத்துக்குக் கொண்டுவந்தார். வரிசையாகப் படித்தேன்.

முதல் இரண்டும் கடிதங்கள். "நீலகிரியில் வாழும் ஆயிரக்கணக்கான ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்ற" என்று தொடங்கி, "தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு" என்று முடியும். எவ்வளவு பணம், எதற்கு, எத்தனை பிள்ளைக்கு என்று எதுவும் இல்லை. ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பதினோரு நிறுவனங்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மூன்றாவதில் பத்து மையங்களுக்கு ரூ.18 லட்சம் கேட்டிருந்தார்கள். அதுவரை சங்கம் ஆண்டுக்குச் செலவு செய்தது ஏறக்குறைய ரூ.1.4 லட்சம். வங்கியில் கடன் மனு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றரை லட்சம் புழங்கும் கையில் பதினெட்டு லட்சத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள். நாணயம் பற்றிய சந்தேகம் அதற்குக் காரணம் இல்லை. அவ்வளவு பணத்தைக் கணக்கு வைத்து நடத்தியதற்குச் சான்று இல்லை, அதுதான் காரணம்.

நான்காவதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. திட்ட அறிக்கை எழுதித் தருவதாக ஒருவர் வந்து, கிடைக்கும் பணத்தில் பத்து சதவீதம் கமிஷன் பேசி, ரூ.5,000 முன்பணம் வாங்கிப் போயிருக்கிறார். பன்னிரண்டு பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தந்த பணம். வந்தது இருபது பக்க ஆங்கில அறிக்கை. சங்கத்தில் யாராலும் அதை முழுதாகப் படிக்க முடியவில்லை, அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஏழாம் பக்கத்தில் "கடலோர மீனவக் குடும்பங்களின் குழந்தைகள்" என்று இருந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர் இது. நூலகர் அந்த வரியைத் தமிழில் சொன்னபோது செயலாளர் எதுவும் பேசவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியின் கீழே ஒரு கோடு மட்டும் போட்டார்.

நூலகம் ஏன்?

ஊட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது 1859-ல் தொடங்கிய நீலகிரி நூலகம். அது உறுப்பினர் சந்தாவில் நடப்பது. நான் சொல்வது பொது நூலகத் துறையின் கீழ் வரும் கிளை நூலகங்களை. 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் பின்னால் எஸ்.ஆர். ரங்கநாதனின் இருபது ஆண்டு உழைப்பு இருந்தது. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது, இன்றைக்கு ரூபாய்க்கு 10 காசு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் தனியாக ஒரு வரியில் இருக்கும். அதாவது, அந்த மேசைக்கும் மின்விசிறிக்கும் பேப்பருக்கும் நாம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறோம். லைன் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொன்னபோதுதான் நூலகத்துக்குள் வரும் தயக்கம் கொஞ்சம் குறைந்தது. "படிச்சவங்க வர்ற இடம் சார், நாங்க வந்து என்ன பண்றது" என்று அதுவரை வாசலிலேயே நின்றவர்கள்.

உள்ளே என்ன இருந்தது என்றும் உள்ளபடி சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மழைக்காலத்தில் அடிக்கடி அறுந்துபோகும் இணையம், பத்துப் பன்னிரண்டு நாளிதழ்கள், போட்டித் தேர்வு நூல்கள், அரசின் "தமிழரசு", மத்திய அரசு வெளியிடும் "திட்டம்" மாத இதழ்கள், கதை கவிதை நூல்கள். நிதி தேடுவோருக்கு என்று தனியாக ஒரு புத்தகமும் இல்லை. இருந்தது ஒரு நூலகர். முப்பது வயதிருக்கும். கேட்டதைத் தேடித் தராமல் அவரால் இருக்க முடியாது. இது தன் வேலைக்குள் வருமா வராதா என்று ஒருநாளும் அவர் கேட்கவில்லை.

எத்தனை பிள்ளைகள்?

நூலகர் கேட்ட முதல் கேள்வி இது. "அக்கா, ஆயிரக்கணக்கான பிள்ளைங்கன்னு எழுதியிருக்கீங்க. உங்க லைன்ல எத்தனை பேரு?"

யாருக்கும் சட்டென்று எண் வரவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நீலகிரி மாவட்டக் கையேடு இரண்டு பகுதிகளாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றில் ஊர் வாரியாகப் பள்ளி, மருத்துவமனை, சாலை, குடிநீர் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்ற விவரம். இன்னொன்றில் மக்கள்தொகை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், எழுத்தறிந்தோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர் எண்ணிக்கை. நூலகர் அதை இறக்கி, இவர்கள் ஊர் வரும் பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்தார்.

இங்கே ஒரு சிக்கல், மலையில் வேலை செய்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சமவெளியில் வருவாய்க் கிராமம் என்றால் பெரும்பாலும் ஓர் ஊர், அதைச் சுற்றி சில குக்கிராமங்கள். நீலகிரியில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல ஹட்டிகள் (படுகர் ஊர்கள்), எஸ்டேட் லைன்கள், பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கையேட்டில் அந்தக் கிராமத்துக்கு ஆயிரக்கணக்கில் மக்கள்தொகை, பள்ளி "உண்டு" என்றிருக்கும். அந்தப் பள்ளி எந்த மேட்டில் இருக்கிறது, இருளர் குடியிருப்பிலிருந்து எவ்வளவு இறக்கம் என்பது அந்த "உண்டு"க்குள் மறைந்துவிடும். போதாததற்கு, 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால் இருப்பதெல்லாம் பழைய எண்கள்தான்.

அதனால் இரண்டையும் சேர்த்தோம். மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394, தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று பட்டியலிடப்பட்ட ஆறு இனங்களும் வாழ்வது இங்கே என்ற பெரிய சட்டகத்தைக் கணக்கெடுப்பிலிருந்தும் அரசு ஆவணங்களிலிருந்தும் எடுத்தோம். உள்ளே போட வேண்டிய எண்ணைச் சங்கமே எடுத்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஆறு கட்டங்கள்: வீடு, பிள்ளையின் வயது, வகுப்பு, பள்ளிக்கு எப்படிப் போகிறது, மாலையில் வீட்டில் யார் இருக்கிறார்கள், தமிழ் வாசிக்கிறதா. கடைசிக் கட்டத்துக்கு இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். 41 வீடு, பள்ளி வயதில் 63 பிள்ளைகள். அதில் மாலையில் வருவோம் என்றவர்கள் 57. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தும் அந்தப் பத்தியைத் தட்டுத்தடுமாறி வாசித்தவர்கள் 19 பேர்.

"ஆயிரக்கணக்கான" போய் "57" வந்த பிறகு, விண்ணப்பத்தின் குரலே மாறிவிட்டது. செயலாளர் அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயரோடு சொல்ல ஆரம்பித்தார்.

ஏப்ரல் 27, 2024

ஊர் விவரம் சரியானதும் சங்கத்தின் காகிதங்களைப் பார்த்தோம். அங்கேதான் பெரிய ஓட்டை.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை வாங்கும் அமைப்புக்கு, அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகள் இரண்டும் வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு பணி அனுபவம் வேண்டும். அதன் மேல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 என்ற படிவம் போட்டு எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இதுதான் விதி. சங்கத்துக்கு 12ஏ-வும் 80ஜி-யும் இருந்தன. ஆனால் இரண்டும் தற்காலிகப் பதிவு. தற்காலிகப் பதிவு மூன்றாண்டுதான். அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பே 10ஏபி படிவம் போட்டு முறையான பதிவாக மாற்ற வேண்டும், அன்றைய விதிப்படி அது ஐந்தாண்டு செல்லும். இது இவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கெடு எப்போதோ போய்விட்டிருந்தது. நான் பார்த்தவரை மலையில் பாதிச் சங்கங்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள், அதில் இருக்கும் தேதியைப் பார்ப்பதில்லை.

இனி புதிதாகத் தொடங்க வேண்டியதுதான் என்று மனம் விட்டிருந்த நேரம். நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து ஒரு வாரம். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை நூலகர் இரண்டு நாள் பேப்பரையும் சேர்த்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, வணிகப் பக்கத்தில் நான்கு அங்குலத்தில் ஒரு செய்தி: அறக்கட்டளைகளும் சங்கங்களும் 10ஏ, 10ஏபி படிவங்களைத் தாக்கல் செய்ய ஜூன் 30 வரை அவகாசம் நீட்டிப்பு. மத்திய நேரடி வரிகள் வாரியம் ஏப்ரல் 25 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை அது. நூலகர் எனக்குப் போன் செய்தார். "சார், உடனே வாங்க. அந்த அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

அரை மணி நேரத்தில் நானும், தேயிலைக் கூடையை இறக்கி வைத்த கையோடு செயலாளரும் அங்கே இருந்தோம். அந்தச் செய்தியை மூவரும் மாறி மாறிப் படித்தோம். சுற்றறிக்கையின் மூலத்தையும் வருமான வரித் துறையின் தளத்தில் எடுத்துப் பார்த்தோம். பேப்பர் செய்தியை மட்டும் நம்பி எதுவும் செய்யக் கூடாது என்பதில் நூலகர் உறுதியாக இருந்தார். அப்புறம் ஆடிட்டரைப் பார்க்க மலை இறங்கி மேட்டுப்பாளையம் வரை மூன்று முறை போய் வந்தோம். மே மாதம், சீசன் கூட்டம், ஒரு தடவை பஸ் வழியில் ஒரு மணி நேரம் நின்றது. ஜூன் இரண்டாம் வாரத்தில் படிவம் போய்ச் சேர்ந்தது. ஆண்டு முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது.

அந்த நான்கு அங்குலச் செய்தி லைன் வீட்டுக்குள் எந்த வழியிலும் வந்திருக்காது. அங்கே யாரும் பேப்பர் வாங்குவதில்லை. போனில் வருவது வேறு செய்திகள். ஒரு நூலகர் இன்னொருவரின் தேவையை மனதில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்ததால் மட்டுமே அது அவர்களைச் சேர்ந்தது. நூலகத்தின் பயன் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்கிறேன்.

யாரிடம் கேட்பது?

அமெரிக்காவில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. நியூயார்க்கில் 1956-ல் தொடங்கிய ஃபவுண்டேஷன் சென்டர் என்ற அமைப்பு, எந்த அறக்கட்டளை எதற்கு எவ்வளவு தருகிறது என்று திரட்டிப் பட்டியல் போட்டது. 2019-ல் அது கைடுஸ்டார் என்ற இன்னோர் அமைப்போடு சேர்ந்து கேண்டிட் என்று பெயர் மாறியது. சந்தா கட்டிப் பார்க்க வேண்டிய அந்தப் பட்டியலை, அவர்களோடு இணைந்த பொது நூலகங்களில் போய் உட்கார்ந்தால் இலவசமாகப் பார்க்கலாம். விண்ணப்பம் எழுதும் பயிற்சியும் அங்கேயே நடக்கும். அங்குள்ள அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு உரியது என்பதால் அது சாத்தியமாகிறது.

நம்மிடம் அப்படி ஒரே இடத்தில் பட்டியல் இல்லை. ஆனால் தகவலே இல்லை என்று சொல்வது தவறு. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு ரூ.500 கோடி, அல்லது விற்றுமுதல் ரூ.1,000 கோடி, அல்லது நிகர லாபம் ரூ.5 கோடி உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தங்கள் ஆலை, அலுவலகம் இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். ஒப்புதல் தந்த திட்டங்களைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். எந்த மாநிலத்தில் எந்தத் துறைக்கு எவ்வளவு செலவானது என்று அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் பார்க்கலாம். நூலகர் இந்தத் தளத்தை ஒரு மாதம் குடைந்தார். கோவைப் பக்கம் ஆலை வைத்து, கல்விக்குச் செலவழித்து, சிறு சங்கங்கள் மூலமாகவும் பணி செய்த நிறுவனங்கள் என்று சலித்ததில் ஆறு தேறின. பதினோரு நிறுவனங்களுக்கு ஒரே கடிதம் அனுப்பிய காலம் போய், ஆறு நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு மூன்றுக்கு மட்டும், மூன்று விதமாக எழுதினோம்.

போக முடியாத வழிகளையும் அதே மேசையில்தான் தெரிந்துகொண்டோம். வெளிநாட்டு நிதி வாங்க மூன்றாண்டில் குறைந்தது ரூ.15 லட்சம் பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். இவர்கள் செலவழித்தது நான்கு லட்சத்துச் சொச்சம், ஆக அது மூடிய கதவு. நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளித் திட்டம் அரசுப் பள்ளிகளுக்கானது. நபார்டு வங்கியின் உதவிகள் பெரும்பாலும் வேளாண்மை, வாழ்வாதாரம் சார்ந்தவை. கொல்கத்தாவில் 1972-ல் தொடங்கிய ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை, நூலகம் நடத்தும் தன்னார்வ அமைப்புகளுக்கு உதவுகிறது. மையங்களில் புத்தக அலமாரி பெருகினால் ஒருநாள் அதைக் கேட்கலாம் என்று குறித்து வைத்தோம். மத்திய அமைச்சகங்களின் நிதிக்கு நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு எண் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, உடனே போட்டுவிட்டோம்.

தமிழில் மட்டும் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு நூல் வெளியிடும். அரசுத் தளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கும். அந்தத் துறையின் திட்டங்களும், ஒதுக்கிய தொகையும், யாருக்கு உரியது என்பதும் அதில் இருக்கும். ஒரு நிறுவனத்திலிருந்து, "அரசே இல்லம் தேடிக் கல்வி நடத்தும்போது உங்கள் மையம் எதற்கு?" என்று கேட்டார்கள். பள்ளிக் கல்வித் துறையின் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அத்திட்டம் எந்த வகுப்புகளுக்கு, எந்த அளவில் நடக்கிறது, இந்த மூன்று குடியிருப்புகளில் இன்று என்ன நிலை என்று அரைப் பக்கத்தில் பதில் எழுதினோம். அந்தப் பதிலை எழுதியது செயலாளர். ஆங்கிலத்துக்கு மாற்றியது நானும் நூலகரும்.

சுண்டல்

பட்ஜெட் எழுதுவது என் வேலை என்று நினைத்து வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனேன். நான்கு ஆசிரியைகளுக்கு மாதம் ரூ.4,000 வீதம் பதினோரு மாதம் ரூ.1,76,000. மின்சாரம் போனாலும் எரியும் விளக்குகள் இரண்டு மையத்துக்கும் ரூ.19,000. நோட்டு, புத்தகம், பலகை ரூ.24,000. தணிக்கை, பயணம் ரூ.14,000. மொத்தம் ரூ.2,33,000. சரியாக வந்துவிட்டது என்று நீட்டினேன்.

நூலகர் படித்துவிட்டு, "பிள்ளைங்க சாயங்காலம் பசியோடதானே வரும்?" என்று கேட்டார்.

செயலாளர் தலைநிமிர்ந்து பார்த்தார். பழைய மையத்தில் தினமும் தன் வீட்டிலிருந்து ஒரு தூக்குப் போசியில் சுண்டலோ அவித்த கிழங்கோ கொண்டுபோவது அவர்தான். அதைச் செலவு என்று அவர் எழுதியதே இல்லை. வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த எனக்கும் அது தோன்றவில்லை. ஒரு பிள்ளைக்கு ரூ.5, 57 பிள்ளைகள், 220 நாட்கள் என்று போட்டால் ரூ.62,700. பெண்கள் தங்கள் கையிலிருந்து போடும் பணமும் உழைப்பும் கணக்கிலேயே வராமல் போவதைப் பல சங்கங்களில் பார்த்திருக்கிறேன். கணக்கில் வராதது நிதி தருபவருக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணால் முடியாமல் போகும்போது மையமும் நின்றுவிடும், ஏன் நின்றது என்று யாருக்கும் புரியாது.

ரூ.2,95,700 என்று திருத்தி அனுப்பினோம். மூன்றில் ஒரு நிறுவனம் பதிலே போடவில்லை. ஒன்று, இந்த ஆண்டு வேறு மாவட்டம் என்றது. மூன்றாவது ஆளை அனுப்பியது. வந்தவர் லைன் வீட்டு வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, அந்த நாற்பது பக்க நோட்டை முழுவதும் புரட்டினார். ஒரு மணி நேரம் இருந்தார். ஆறு வாரம் கழித்து ரூ.2,33,000-க்கு ஒப்புதல் வந்தது. வெட்டுப்பட்டது சுண்டல் மட்டும். உணவுச் செலவை எடுப்பதில்லை என்பது அவர்கள் கொள்கையாம்.

எனக்குக் கோபம் வந்தது, இன்றும் அது தவறான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் விண்ணப்பத்தில் அந்த வரி இருந்ததால், எவ்வளவு வேண்டும் என்று எல்லோருக்கும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. வாசகர் வட்டக் கூட்டத்தில் அந்த எண்ணை வைத்தோம். மாதத்துக்கு ரூ.5,700. மளிகைக் கடைக்காரர் ஒருவர் கொண்டைக்கடலையும் பயறும் தருவதாகச் சொன்னார், மீதியை நூலகப் புரவலர்கள் சிலர் பங்கு பிரித்துக்கொண்டார்கள். 2025 ஜூனில் இரண்டு மையங்களும் தொடங்கின. இருளர் குடியிருப்பில் மையம் நடப்பது ஓர் ஓட்டு வீட்டின் முன் அறையில். அந்த வீட்டுப் பாட்டி வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

அலமாரி

இந்த வேலை முடிந்தபோது நூலகரின் மேசை மேல் ஏகப்பட்ட காகிதம் சேர்ந்திருந்தது. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டை ஒழித்து அதில் அடுக்கினார். மாவட்டக் கையேட்டின் கோத்தகிரிப் பக்கங்கள், சங்கப் பதிவுக்கு வேண்டிய விதிமுறை மாதிரி, 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 ஒவ்வொன்றுக்கும் தேவையான ஆவணங்களின் பட்டியல் தமிழில், மூன்று துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பு, சங்கம் அனுமதித்ததால் ஐந்தாவது விண்ணப்பத்தின் முழு நகல். அதோடு தோற்றுப்போன நான்கும். இருக்கட்டும் மேடம், மற்றவங்களாவது பாத்து நடந்துக்கட்டும் என்று செயலாளரே கொடுத்தார்.

குறைகளும் இருக்கின்றன. இத்தனையும் ஒரே நூலகரின் ஆர்வத்தில் நடந்தது, அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. இந்த வேலைக்கு அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, நேரம் ஒதுக்கப்படவும் இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் ஒரு பொறுப்பாளரை வைத்து, மாதம் ஒரு நாள் ஒவ்வொரு வட்டத்துக்கும் அனுப்பினால்கூடப் போதும். படிவங்கள் ஆங்கிலத்தில் இருப்பதற்கு நூலகத்தில் மருந்து இல்லை, யாராவது பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஓய்வு பெற்ற வங்கி, வருவாய்த் துறை, பள்ளி ஊழியர்கள் மலையில் எல்லா ஊரிலும் இருக்கிறோம். வாரம் இரண்டு மணி நேரம் நம்மால் முடியும்.

இன்னொன்று, இந்தத் தட்டில் இருப்பவை சீக்கிரம் பழசாகும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அதனால் நூலகர் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் அதை எடுத்த தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். ஓராண்டுக்கு மேற்பட்ட தேதி இருந்தால் அதை நம்பாமல் புதிதாக எடுக்க வேண்டும் என்று உள்பக்கக் கதவில் ஓர் அட்டையும் ஒட்டியிருக்கிறது.

போன மாதம் கீழே ஓர் இருளர் கிராமத்திலிருந்து தேன் எடுக்கும் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பேர் வந்தார்கள். படிப்பு மையம் நடக்கும் வீட்டுப் பாட்டியின் உறவினர்கள். அவர்களுக்குச் சங்கமே இல்லை. ஏழு பேரின் கையெழுத்திலிருந்து தொடங்க வேண்டும். செயலாளர் அந்த மஞ்சள் பையோடு வந்து அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நூலகர் அலமாரியைத் திறந்தார். நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கக் கடைக்குப் போனேன்.